எட்டுப் பேர் ரத்தம் சொன்ன சாட்சி!

புதிய உணவு உடம்புக்கு ஆகுமா, ஆகாதா? சாப்பிடுவதற்கு முன்பே கண்டுபிடிக்கும் சோதனை

கருவாட்டுக் குழம்பு. வீட்டில் பத்துப் பேர் சாப்பிடுகிறார்கள். ஒன்பது பேருக்கு ஒன்றும் இல்லை. ஒருவருக்கு மட்டும் அரை மணி நேரத்தில் உதடு வீங்குகிறது. உடம்பெல்லாம் தடிப்புத் தடிப்பாகக் கிளம்புகிறது. அரிப்பு தாங்க முடியவில்லை.

"கரப்பான் பண்டம். உனக்கு ஆகாது" என்கிறார் பாட்டி. "அலர்ஜி" என்கிறார் டாக்டர். ஒவ்வாமை என்று தமிழில் சொல்கிறோம்.

சிலருக்குத் தடிப்போடு போய்விடும். சிலருக்கு மூச்சுக்குழாய் சுருங்கிவிடும். ரத்த அழுத்தம் திடீரென்று இறங்கிவிடும். உடனே ஊசி போடாவிட்டால் உயிருக்கே ஆபத்து.

கருவாடு பழைய பண்டம். அது யாருக்கு ஆகாது என்பது அனுபவத்தில் தெரிந்துவிடுகிறது. ஆகாதவர்கள் ஒதுக்கிவிடுகிறார்கள். ஆனால், இதுவரை யாருமே சாப்பிடாத ஓர் உணவு கடைக்கு வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அது யாருக்கு ஆகாது? எப்படித் தெரிந்துகொள்வது? யாராவது ஒருவருக்குக் கொடுத்துப் பார்க்கலாமா? கொடுத்த பிறகு அவருக்கு மூச்சு நின்றுவிட்டால்?

வயிறுதான் சோதனைச்சாலை!

முன்பெல்லாம் அப்படித்தான் நடந்தது.

கிவிப் பழத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இன்று நம் ஊர்ப் பழக்கடைகளிலும் இருக்கிறது. இதன் பூர்வீகம் சீனா. 1904-ம் ஆண்டில் நியூசிலாந்தைச் சேர்ந்த இசபெல் பிரேசர் என்ற தலைமை ஆசிரியை, சீனாவுக்குப் போய்த் திரும்பும்போது இதன் விதைகளைக் கொண்டு வந்தார். அங்கே அது நன்றாக வளர்ந்தது. 1959-ல் "கிவி" என்று பெயர் மாற்றி அமெரிக்காவுக்கு ஏற்றுமதி செய்தார்கள்.

"இது புது உணவு ஆயிற்றே! சோதித்துப் பார்க்க வேண்டாமா?" என்று யாரும் கேட்கவில்லை. மக்கள் ஆசையாக வாங்கிச் சாப்பிட்டார்கள். 1981-ல்தான், கிவிப் பழம் ஒருவருக்கு ஒவ்வாமல் போன விவரம் முதன்முதலாக மருத்துவப் பத்திரிகையில் வெளியாயிற்று. பிறகு பல நாடுகளிலிருந்து அதேபோன்ற செய்திகள் வந்தன.

அதாவது, சாப்பிட்டவர்களின் வயிறே சோதனைச்சாலையாக இருந்தது.

இந்த வழக்கத்தை மாற்றிய கதை ஒன்று உண்டு. அது கோழித் தீவனத்தில் தொடங்கியது.

கோழிக்கு வந்த குறை

சோயா மொச்சையில் புரதச் சத்து ஏராளம். அமெரிக்காவில் கோழித் தீவனத்துக்கு அதுதான் ஆதாரம். ஆனால் அதில் ஒரு குறை. "மெத்தியோனின்" என்ற சத்து சோயாவில் குறைவு. அது இல்லாவிட்டால் கோழி சரியாக வளராது. அதனால், தொழிற்சாலையில் செய்த மெத்தியோனினைக் காசு கொடுத்து வாங்கித் தீவனத்தில் கலக்க வேண்டியிருக்கிறது.

"சோயாவிலேயே அந்தச் சத்து விளைந்துவிட்டால்?" என்று யோசித்தது, பயனீர் என்ற விதைக் கம்பெனி. அயோவா மாகாணத்தில் உள்ள பெரிய கம்பெனி அது.

மெத்தியோனின் அதிகமாக உள்ள பண்டம் எது என்று தேடினார்கள். பிரேசில் கொட்டை அகப்பட்டது. அமேசான் காட்டில் வானளாவ வளரும் மரம் அது. அதன் காய் கிட்டத்தட்டத் தேங்காய் அளவு இருக்கும். உடைத்தால், உள்ளே சுளை சுளையாகப் பத்து இருபது கொட்டைகள் அடுக்கி வைத்தாற்போல் இருக்கும். அந்தக் கொட்டையில் "2 எஸ் ஆல்புமின்" என்று ஒரு புரதம். மெத்தியோனின் அதில் கொட்டிக் கிடக்கிறது.

ஒவ்வொரு செடிக்குள்ளும், அதன் புரதங்களை எப்படிச் செய்வது என்ற குறிப்புகள் இருக்கின்றன. சமையல் குறிப்பு மாதிரி. அதற்கு "ஜீன்" என்று பெயர். பிரேசில் கொட்டையில் இருந்த அந்த ஒரே ஒரு குறிப்பை எடுத்து, சோயாச் செடிக்குள் புகுத்தினார்கள். சோயா மொச்சையும் பிரேசில் கொட்டையின் புரதத்தைச் செய்யத் தொடங்கிவிட்டது. வெளிப் பார்வைக்குச் சாதாரண மொச்சை. உள்ளே புதுச் சரக்கு!

எல்லாம் சரி. ஆனால் ஒரு சந்தேகம் இடித்தது.

பிரேசில் கொட்டை சிலருக்கு ஆகாது. அது முன்பே தெரிந்த விஷயம். அந்தக் கொட்டையில் பல புரதங்கள் இருக்கின்றன. அவற்றில் ஒவ்வாமையை உண்டாக்குவது எது என்று அப்போது தெரியாது. பொறுக்கி எடுத்த புரதமே அந்தக் குற்றவாளியாக இருந்துவிட்டால்? பிரேசில் கொட்டையைக் கண்டால் பத்தடி தள்ளிப் போகிறவர், சோயாவைக் கண்டு ஏன் ஒதுங்கப் போகிறார்?

கம்பெனி, நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தை அணுகியது. அங்கே ஸ்டீவ் டெய்லர், ஜூலி நார்ட்லி முதலிய விஞ்ஞானிகள் உணவு ஒவ்வாமையை ஆராய்ந்து வந்தார்கள். சோதனைக்கான பணத்தையும் கம்பெனியே கொடுத்தது. தன் சரக்கைத் தானே பணம் கொடுத்துச் சோதிக்கச் சொன்னது பாராட்ட வேண்டிய காரியம்தான்.

ஆனால் எப்படிச் சோதிப்பது? பிரேசில் கொட்டை ஆகாதவரை உட்கார வைத்துப் புதுச் சோயாவை ஊட்ட முடியுமா?

ஊட்ட வேண்டியதில்லை. அவருடைய ரத்தம் கொஞ்சம் இருந்தால் போதும்.

மீன் ஆகாத டாக்டர்

ரத்தத்துக்கு அந்தச் சக்தி உண்டு என்பதைக் கண்டுபிடித்தவர்கள் இரண்டு ஜெர்மானிய டாக்டர்கள். ஒருவர் பிரவுஸ்னிட்ஸ். மற்றவர் குஸ்ட்னர். அவர்கள் வேலை பார்த்த பிரெஸ்லா நகரம் இன்று போலந்து நாட்டில், விராட்ஸ்வாப் என்ற பெயரில் இருக்கிறது.

குஸ்ட்னருக்கு மீன் ஆகாது. சமைத்த மீனைச் சாப்பிட்டால் உடம்பு தடித்துவிடும். பிரவுஸ்னிட்சுக்கு மீன் சாப்பிட்டால் ஒன்றும் ஆகாது.

ரத்தத்தை உறைய விட்டால், மேலே வெளிர் மஞ்சள் நிறத்தில் தண்ணீர் நிற்கும். அதற்கு "சீரம்" என்று பெயர். குஸ்ட்னரின் சீரத்தைக் கொஞ்சம் எடுத்து, பிரவுஸ்னிட்ஸ் தன் தோலில் ஊசியால் ஏற்றிக்கொண்டார். மறுநாள் அதே இடத்தில் மீன் சாற்றை ஏற்றினார். அந்த இடம் குப்பென்று தடித்துக்கொண்டது! வேறு இடத்தில் ஏற்றிய மீன் சாறு ஒன்றும் செய்யவில்லை.

ஒருவர் உடம்பில் இருந்த ஒவ்வாமை, ரத்தத்தின் வழியாக இன்னொருவர் தோலுக்குக் குடியேறிவிட்டது. இந்த விவரத்தை 1921-ல் வெளியிட்டார்கள். வெகு காலம் உலகெங்கும் டாக்டர்கள் இந்த முறையைப் பின்பற்றினார்கள். ஒருவர் சீரத்தை இன்னொருவருக்கு ஏற்றினால் மஞ்சள் காமாலை முதலிய நோய்களும் கூடவே போகும் என்று தெரிந்ததும் கைவிட்டார்கள்.

அந்தச் சீரத்துக்குள் ஒளிந்திருப்பது எது? விடை கிடைக்க 45 ஆண்டுகள் ஆயின. 1966-ல் அமெரிக்காவில் டென்வர் நகரில் ஆராய்ச்சி செய்த ஜப்பானியத் தம்பதி இஷிசாகா (கணவர் கிமிஷிகே, மனைவி தெருகோ) அதைப் பிடித்தார்கள். சுவீடன் நாட்டில் யோஹான்சன், பென்னிக் என்ற இருவரும் வேறு வழியாக அதே பொருளைக் கண்டார்கள். 1968-ல் அதற்கு "ஐ.ஜி.இ." என்று பெயர் சூட்டப்பட்டது.

ஐ.ஜி.இ. என்பது உடம்பு தயாரிக்கும் காவல்காரன். ஒவ்வொரு காவல்காரனுக்கும் ஒரே ஓர் ஆளின் அங்க அடையாளம்தான் தெரியும். மீன் புரதத்தின் அடையாளம் தெரிந்தவனுக்கு நிலக்கடலை வந்தால் தெரியாது. தன் ஆளைக் கண்டால் மட்டும் பாய்ந்து பிடித்துக்கொள்வான். உடனே பக்கத்தில் உள்ள செல்கள் "ஹிஸ்டமின்" முதலிய ரசாயனங்களைக் கொட்டும். வீக்கம், அரிப்பு, மூச்சுத் திணறல் எல்லாம் அதன் விளைவு. தீங்கில்லாத உணவை எதிரி என்று தவறாக எண்ணும் காவல்காரன் இவன்!

நெப்ராஸ்கா விஞ்ஞானிகள் இந்தக் காவல்காரனையே சாட்சிக் கூண்டில் ஏற்றினார்கள்.

கறுப்புக் கோடு தெரிந்தது!

பிரேசில் கொட்டை ஆகாத ஒன்பது பேருடைய சீரம் சோதனைக்கு வந்தது.

முதல் சோதனையில் நான்கு பேர் சீரத்தை ஒன்றாகக் கலந்தார்கள். அதில் புதுச் சோயாவின் சாற்றை ஊற்றினார்கள். பிறகு, அந்தச் சீரம் பிரேசில் கொட்டையைப் பிடிக்கிறதா என்று பார்த்தார்கள். பிடிப்பது குறைந்துபோயிற்று! காரணம் என்ன? காவல்காரர்கள் ஏற்கெனவே சோயாவில் இருந்த ஏதோ ஒன்றைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். கை ஓயவில்லை.

அந்த "ஏதோ ஒன்று" எது? அதற்கு இரண்டாவது சோதனை.

கூழ் போன்ற மெல்லிய தகட்டில் சோயாவின் சாற்றை விட்டு மின்சாரம் செலுத்தினார்கள். புரதங்கள் ஓடத் தொடங்கும். சிறியது வேகமாக ஓடும். பெரியது பின்தங்கும். சிறிது நேரத்தில் எல்லாப் புரதங்களும் அளவு வாரியாகத் தனித்தனியே வரிசையில் நிற்கும். அந்த வரிசையை அப்படியே ஒரு தாளில் ஒற்றி எடுத்து, அதன் மேல் சீரத்தை ஊற்றினார்கள். ஐ.ஜி.இ. போய் ஒட்டிக்கொண்ட இடம் எது என்று காட்ட, கதிர்வீச்சு உள்ள மருந்தைத் தடவிப் புகைப்படப் பிலிமை மேலே வைத்தார்கள். ஒட்டிய இடத்தில் பிலிம் கறுக்கும்.

ஒன்பது பேரில் எட்டுப் பேர் சீரத்துக்குப் பிலிமில் கறுப்புக் கோடு விழுந்தது. விழுந்த இடம், 2 எஸ் ஆல்புமின் நின்ற இடம்! பிரேசில் கொட்டையிலும் அதே கோடு. புதுச் சோயாவிலும் அதே கோடு. சத்துக்காகத் தேடிப் பிடித்த புரதமே குற்றவாளி.

இன்னும் ஒரு சோதனை பாக்கி. ரத்தம் சொல்வதை உடம்பும் ஒப்புக்கொள்ள வேண்டும் அல்லவா? மூன்று பேர் முன்வந்தார்கள். அவர்கள் தோலில் சாற்றைச் சொட்டு விட்டு, ஊசி முனையால் லேசாகக் குத்திப் பார்த்தார்கள். சாதாரண சோயாவுக்குத் தோல் சும்மா இருந்தது. பிரேசில் கொட்டைக்குத் தடித்தது. புதுச் சோயாவுக்கும் தடித்தது. மூன்று பேருக்கும் ஒரே முடிவு.

இந்த ஆராய்ச்சி 1996 மார்ச் 14-ந் தேதி, அமெரிக்காவின் புகழ் பெற்ற மருத்துவப் பத்திரிகையான "நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆப் மெடிசின்" இதழில் வெளியாயிற்று.

கம்பெனி அந்தச் சோயாவைக் கைவிட்டது. அது விற்பனைக்கு வரவே இல்லை. ஒருவர்கூட அதைச் சாப்பிட்டு நோயில் விழவில்லை.

"கோழிக்குத்தானே? மனிதனுக்கு என்ன வந்தது?" என்று கேட்கலாம். வயலில் விளைந்த மொச்சை ஒரே களத்தில் குவிகிறது. ஒரே ரயிலில், ஒரே கப்பலில் போகிறது. கோழிக்கு உள்ளது, மனிதனுக்கு உள்ளது என்று மொச்சையில் எழுதியா ஒட்டியிருக்கிறது? இந்தப் பயம் வீண் பயம் அல்ல என்பது நாலே ஆண்டுகளில் தெரிந்தது.

தீவனச் சோளம் தின்பண்டத்தில்!

அமெரிக்காவில் அவென்டிஸ் என்ற கம்பெனி "ஸ்டார்லிங்க்" என்ற மக்காச்சோளத்தைக் கொண்டுவந்தது. பூச்சியைக் கொல்லும் ஒரு புரதம் அதில் இருந்தது. கிருமி ஒன்றிடமிருந்து எடுத்தது அது. "கிரை 9 சி" என்று அதற்குப் பெயர்.

மனிதர் வயிற்றில் உள்ளது போலவே அமிலமும் ஜீரண நீரும் கலந்து, உடம்புச் சூட்டில் வைத்து, அதில் புரதத்தைப் போட்டுப் பார்ப்பது ஒரு சோதனை. செயற்கை வயிறு என்றே சொல்லலாம். சாதாரணப் புரதங்கள் பெரும்பாலும் சீக்கிரம் கரைந்துவிடும். ஒவ்வாமை உண்டாக்கும் புரதங்கள் பல, கரையாமல் அடம் பிடிக்கும். கிரை 9 சி சுலபத்தில் கரையவில்லை. சூட்டுக்கும் அசையவில்லை. சந்தேகம் தட்டியது. ஆகவே 1998-ல் அரசாங்கம், "கால்நடைத் தீவனத்துக்கு மட்டும்" என்று அனுமதி கொடுத்தது.

2000-ம் ஆண்டு செப்டம்பர் மாதம். "டாக்கோ" என்பது மெக்சிகோ நாட்டுப் பலகாரம். மடித்த அப்பளம் போல் மக்காச்சோள மாவில் செய்வார்கள். கடையில் விற்ற டாக்கோ பாக்கெட்டைச் சோதனைக்கு அனுப்பினார்கள். ஸ்டார்லிங்க் சோளம் அதில் இருந்தது! நாடெங்கும் பரபரப்பு. முந்நூறுக்கு மேற்பட்ட தின்பண்டங்களைக் கடைகளிலிருந்து திரும்பப் பெற்றார்கள்.

"சோளப் பலகாரம் சாப்பிட்டேன். உடம்பு தடித்தது" என்று பலர் புகார் செய்தார்கள். அவற்றில் 28 பேருடைய புகார் உண்மையாகவே ஒவ்வாமை போல் இருந்தது. ரத்தம் எடுத்துச் சோதித்தார்கள். கிரை 9 சி புரதத்தைப் பிடிக்கும் ஐ.ஜி.இ. அகப்படவில்லை என்று 2001 ஜூன் மாதம் அமெரிக்க அரசாங்கம் அறிவித்தது. புகார் செய்தவர்களில் ஒருவருக்கு, எது எந்தச் சோளம் என்று அவருக்கும் தெரியாமல், கொடுத்தவருக்கும் தெரியாமல், சோளத்தை மாற்றி மாற்றிக் கொடுத்துப் பார்த்தார்கள். ஒன்றும் ஆகவில்லை.

அப்படியானால் ஆபத்தே இல்லை என்று முடிவா? அரசாங்கத்தின் ஆலோசனைக் குழுவில் இருந்த நிபுணர்கள் அவ்வளவு தூரம் போகவில்லை. இந்தச் சோதனையை வைத்து மட்டும் அடியோடு தள்ளிவிட முடியாது என்றார்கள்.

காரணம் இதுதான். பிரேசில் கொட்டை விஷயத்தில், அது ஆகாதவர்கள் முன்பே இருந்தார்கள். அவர்கள் ரத்தம் சாட்சி சொன்னது. கிரை 9 சி மனிதர் உணவிலேயே இருந்ததில்லை. அது ஆகாது என்று நிச்சயமாகத் தெரிந்த ஆள் ஒருவர்கூடக் கிடையாது. ஒப்பிட்டுப் பார்க்க ரத்தமும் கிடையாது. சாட்சியே இல்லாத வழக்கு! சோயா ஆராய்ச்சி வெளியான அதே 1996 இதழில், மாரியன் நெசில் என்ற உணவு நிபுணர், அடுத்த முறை இவ்வளவு வசதியாக அமையாது என்று எச்சரித்து எழுதியிருந்தார். அப்படியே ஆயிற்று.

எலி சொன்னால் போதுமா?

மனித ரத்தம் இல்லையென்றால் எலியிடம் கேட்கலாமே? கேட்டுப் பார்த்தார்கள்.

ஆஸ்திரேலியாவில் அரசாங்க ஆராய்ச்சி நிலையம் ஒன்று, வண்டு அரிக்காத பட்டாணியை உருவாக்கியது. அவரை இனத்தில் உள்ள ஒரு புரதத்தைப் பட்டாணியில் புகுத்தினார்கள். சுண்டெலிகளுக்குக் கொடுத்தபோது, அவற்றின் உடம்பு அந்தப் புரதத்தை எதிரியாக நினைத்தது. 2005-ல் அந்த விவரத்தை வெளியிட்டுத் திட்டத்தை நிறுத்திவிட்டார்கள். ஆனால் 2013-ல் வேறு ஆராய்ச்சியாளர்கள், புரதம் புகுத்தாத சாதாரண அவரைக்கும் சுண்டெலிகள் அப்படியேதான் நடந்துகொள்கின்றன என்று காட்டினார்கள். எலியின் சாட்சியை முழுக்க நம்புவதற்கில்லை.

ஆகையால் ஒரே சோதனையை வைத்துத் தீர்ப்புச் சொல்வதில்லை. உலக சுகாதார நிறுவனமும், ஐ.நா. உணவு விவசாய நிறுவனமும் சேர்ந்து நடத்தும் "கோடெக்ஸ்" அமைப்பு, 2003-ல் விதிமுறை வகுத்தது. புரதம் எந்தப் பண்டத்திலிருந்து வந்தது என்று முதலில் பார்க்க வேண்டும். ஏற்கெனவே தெரிந்த குற்றவாளிகளோடு அதன் அமைப்பு ஒத்துப்போகிறதா என்று கம்ப்யூட்டரில் ஒப்பிட வேண்டும். செயற்கை வயிற்றில் போட்டுப் பார்க்க வேண்டும். சந்தேகம் இருந்தால், ஒவ்வாமை உள்ளவர்களின் சீரத்தைக் கொண்டு சோதிக்க வேண்டும். எல்லாவற்றையும் சேர்த்துத்தான் முடிவு.

சீரத்திலும் ஒரு சிக்கல் உண்டு. சிலர் ரத்தத்தில் ஐ.ஜி.இ. இருக்கும். அந்தப் பண்டத்தைச் சாப்பிட்டால் ஒன்றும் ஆகாது. ரத்தச் சோதனை "எச்சரிக்கை" என்றுதான் சொல்லும். "நோய் வந்தே தீரும்" என்று சொல்லாது.

புழு மாவு வருகிறது!

இப்போது புது உணவுகளின் வரிசையில் நிற்பது புழு!

ஐரோப்பாவில் "மீல்வோர்ம்" என்ற மஞ்சள் புழுவை வளர்த்து, உலர்த்தி, மாவாக்கி ரொட்டியிலும் பிஸ்கட்டிலும் சேர்க்கிறார்கள். அருவருப்பு நீங்கினால் நல்ல புரதம்தான். 2021 ஜனவரியில் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் இதை ஆராய்ந்து கருத்துச் சொன்னது. உணவுக்கு ஏற்றதுதான், ஆனால் ஒவ்வாமை உண்டாக்கலாம் என்றது.

இந்த வழக்கில் சாட்சிகள் இருந்தார்கள். இறால் ஆகாதவர்கள்! இறாலின் தசையில் "ட்ரோபோமையோசின்" என்று ஒரு புரதம். இறால் ஒவ்வாமைக்கு அது முக்கியக் காரணம். புழுவின் தசையிலும் அதே குடும்பத்துப் புரதம் இருக்கிறது. தூசியில் வாழும் கண்ணுக்குத் தெரியாத பூச்சியிலும் இருக்கிறது. இறாலும் புழுவும் தூரத்துச் சொந்தம் என்று யார் நினைத்தார்கள்? இறால் ஆகாதவர்களின் சீரத்தில் உள்ள ஐ.ஜி.இ., புழுவின் புரதத்தையும் பிடித்துக்கொள்கிறது.

பிரேசில் கொட்டைச் சோயாவைப் போல இதைத் தடுத்துவிடவில்லை. புழு என்று தெரிந்துதான் வாங்குகிறார்கள். ஆகவே 2021 ஜூன் மாதம் ஐரோப்பாவில் விற்பனைக்கு அனுமதி கிடைத்தது. ஒரு நிபந்தனை. இறால், நண்டு வகைகளும் தூசியில் வாழும் பூச்சியும் ஆகாதவர்களுக்கு இந்தப் புழு ஒத்துக்கொள்ளாமல் போகலாம் என்று பாக்கெட்டின் மேல், அதில் கலந்துள்ள பொருள்களின் பட்டியலுக்குப் பக்கத்திலேயே அச்சடித்திருக்க வேண்டும்.